கோயிற் பதிவேடுகளும் குடிவழித் தேட்டமும்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பெருகி ஓடும் ஆற்றின் பிறப்பிடத்தைத் தேடிச் சென்றால் பாறையிடுக்கில் ஒரு சிறு கசிவையே காண நேரும். மேன்மக்களின் பிறப்பை ஆராயப் புகுந்தாலோ மனம் சலிக்க நேரும் என்பது அதன் கருத்து. எனினும், தன் பாட்டனின் பாட்டன் யார், அவன் எவ்வூரிற் பிறந்தான், எக்குடியிற் பெண் கொண்டான் என்று அறிய விழைவது மனிதனுக்கு இயல்பு. இயல்பான இந்த ஆவல் சில வேளைகளில் இன்றியமையாத தேவையாகவும் மாறிவிடுகிறது. காணிக்கு உரிமை காட்டவும், பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கவும், அடையாள அட்டை பெறவும், தான் இன்னாரின் மகன், இன்னாரின் பேரன் என்று எழுத்தில் நிறுவ வேண்டிய நிலை ஒருவருக்கு வரும்போது, பழமொழி உதவாது, பதிவேடுதான் உதவும்.

இத்தகைய தேட்டத்திற்கு உலகில் பெயர்பெற்ற மக்கள் ஐரிஷ் மக்கள். 1845ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதனைத் தொடர்ந்த கொடும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறி அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். அவர்களுடைய சந்ததியினர் இன்று தம் முன்னோரின் ஊரைத் தேடுகின்றனர். அயர்லாந்தில் பிறப்பு இறப்புகளை அரசாங்கம் முறையாகப் பதியத் தொடங்கியது 1864ஆம் ஆண்டில்தான். பஞ்சத்தின்போது புறப்பட்டவர்களோ அதற்கு முன்னரே நாட்டை விட்டவர்கள். ஆகவே, அவர்கள் பிறந்தமைக்கு இருக்கக்கூடிய சான்று, ஞானஸ்நானம் கொடுத்த குருவானவர் கோயிற் புத்தகத்தில் எழுதி வைத்த ஒரு வரியேயாகும்.

அந்த ஒரு வரிக்கும் ஆபத்து வந்தது. 1922ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரின் அரச ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பழைய குடிசன மதிப்பு ஏடுகளும், பாதுகாப்புக் கருதி அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த அயர்லாந்துத் திருச்சபையின் பலநூறு பதிவேடுகளும் சாம்பலாயின. ஆனால், கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகள் அழியவில்லை. அவை தலைநகருக்கு அனுப்பப்படாமல், அந்தந்த ஊர்க் குருவானவரின் அலுமாரியிலேயே கிடந்தமையே அதற்குக் காரணம். பின்னர், 1950ஆம் ஆண்டுகளில் அயர்லாந்தின் தேசிய நூலகம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளின் ஏடுகளை நுண்படமாக எடுக்கத் தொடங்கிற்று. 2015ஆம் ஆண்டில் அப்படங்களை யாவரும் கட்டணமின்றிக் காணுமாறு இணையத்தில் வைத்தது. ஓரிடத்திற் குவித்தவை ஒரே நாளில் எரிந்தன. ஊரூராகச் சிதறிக் கிடந்தவை பிழைத்தன. பிழைத்தவற்றுக்குப் படி எடுக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட நம் நாட்டவருக்கு இப்பாடத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, நம் கீழ்க்கரைக்கு வருவோம். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிகளுக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலப்பரப்பு வாகரைப் பகுதி. காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, பால்சேனை, கதிரவெளி என அங்கே ஊர்கள் அமைந்துள்ளன. கடற்றொழிலும் சேனைப்பயிரும் வேளாண்மையும் அம்மக்களின் சீவனோபாயங்கள். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைவழியில் இருப்பதாலும், கழிகளும் ஆற்று முகத்துவாரங்களும் வழியை மறித்தமையாலும், நெடுங்காலம் இப்பகுதி எந்த நகருக்கும் எட்டாத மூலையாகவே இருந்தது. இவ்வூர்களில் முன்னோரைத் தேடுவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது இதுவே. உள்ளூரில் நிலையான குருவானவர் இல்லாத காலத்தில், எப்போதாவது வந்துபோகும் குருவானவரே ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்; பதிவோ அவர் புறப்பட்டு வந்த கோயிலின் புத்தகத்தில் இருக்கும். ஆகையால், வாகரையிற் பிறந்தவரை வாகரையிலே தேடிக் காணாவிடின் சோர்வடையலாகாது. தெற்கே மட்டக்களப்பிலும் வடக்கே திருகோணமலையிலும் தேடவேண்டும்.

எந்த ஆண்டில் யார் ஆட்சி, எந்தச் சபையின் அதிகாரம் என்பதை அறிந்தவரே எந்த ஏட்டைத் திறப்பது என்பதை அறிவர். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1658ஆம் ஆண்டிற் கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்பாருக்குக் கொலைத் தண்டனை என்று ஒல்லாந்தர் கட்டளை பிறப்பித்தனர். ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக் கோயிலில் நடந்த விவாகமே சட்டப்படி செல்லும். அங்கே ஞானஸ்நானம் பெற்றவருக்கே உத்தியோகம் கிடைக்கும். இதனால், உள்ளத்திற் கத்தோலிக்கராகவோ சைவராகவோ வாழ்ந்த குடும்பத்தினரும், புறத்தே ஒல்லாந்தர் கோயிற் புத்தகத்திற் பெயர் எழுதுவித்தனர். தம் முன்னோர் ஒருபோதும் சமயம் மாறியதில்லை என்று நம்பும் குடும்பத்தார், அந்த முன்னோரின் பெயரை ஒல்லாந்தர் ஏட்டிற் கண்டு திகைப்பதுண்டு. திகைக்க வேண்டியதில்லை. அது நம்பிக்கையின் பதிவன்று, பிழைப்பின் பதிவு.

ஒல்லாந்தர் எழுதி வைத்தவற்றுள் தோம்பு என்பது சிறந்தது. போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த இச்சொல் பேரேட்டைக் குறிக்கும். ஆட்களை எழுதியது ஒருவகைத் தோம்பு. நிலங்களை எழுதியது மற்றொரு வகை. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளிற் பள்ளி ஆசிரியர்கள் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் குறித்து வந்த பள்ளித் தோம்புகளும் இருந்தன. அக்காலத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் பாடஞ் சொல்பவர் மட்டுமல்லர். ஊரின் பதிவாளரும் அவரே. ஒல்லாந்தக் கம்பெனியின் இலங்கை ஏடுகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பாதுகாக்கப்படுகின்றன. அக்கம்பெனியின் ஆவணங்களை ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் 2003ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

1796இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரை வென்று கரையோரத்தைத் தம் ஆட்சிக்குட் கொண்டுவந்தனர். 1806ஆம் ஆண்டிற் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீக்கப்பட்டன. 1814ஆம் ஆண்டில் மெதடிஸ்த சபையின் முதற் குருமார் இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் வில்லியம் ஓல்ட் என்பார் மட்டக்களப்புக்கு வந்து, பள்ளிகளைத் தொடங்கி, ஓராண்டு நிறையுமுன்னரே 1815இற் காலமானார். அதே கூட்டத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சென்ற ஜேம்ஸ் லிஞ்ச் என்பார் அயர்லாந்து நாட்டவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. தம் சொந்த நாட்டில் எழுதப்பட்டதைப் போன்ற ஏட்டில், தமிழ்க் குழந்தைகளின் பெயரை எழுதும் பொறுப்பு ஓர் ஐரிஷ் குருவானவரின் கைக்கும் வந்தது.

கத்தோலிக்க ஏடுகளைத் தேடுவோருக்கு மறைமாவட்டங்களின் வரலாறு ஒரு திறவுகோல். 1847ஆம் ஆண்டு முதல் கிழக்குப் பகுதி யாழ்ப்பாண ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் தனியே அமைந்தது. ஈராண்டின் பின் அது பிரெஞ்சு யேசு சபைக் குருமாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1967இல் அதன் பெயர் திருகோணமலை–மட்டக்களப்பு மறைமாவட்டம் என மாறிற்று. 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாயிற்று. ஆகவே, 1880இல் நடந்த ஒன்றைப் பற்றிய கடிதமோ அறிக்கையோ வேண்டுமாயின் யாழ்ப்பாணத்திலும், 1920இல் நடந்ததற்குத் திருகோணமலையிலும் விசாரிப்பது அறிவுடைமை. மெதடிஸ்த குருமார் தம் தலைமையகத்துக்கு எழுதிய பழைய கடிதங்களோ இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆபிரிக்க ஆய்வுக் கல்லூரியில் உள்ளன.

ஒரு கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவில் என்னென்ன காணப்படும்? குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், தாய் தந்தையர் பெயர், ஞானத்தந்தை ஞானத்தாய் பெயர், குருவானவரின் கையொப்பம் ஆகியவை காணப்படும். பெரும்பாலும் அது இலத்தீன் மொழியில் இருக்கும். மொழி அறியாதவர் அஞ்ச வேண்டியதில்லை. பக்கந்தோறும் ஒரே வாசகமே திரும்பத் திரும்ப வருவதால், பத்துச் சொற்களைக் கற்றவர் முழு ஏட்டையும் படித்துவிடலாம். பக்கத்தின் ஓரத்தையும் பார்க்கத் தவறலாகாது. 1908ஆம் ஆண்டு முதல், ஒருவர் விவாகம் செய்யும்போது அச்செய்தியை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திற் குறிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. எனவே, ஓரக்குறிப்பு ஒன்று பிறப்பையும் விவாகத்தையும் இணைத்துத் தருகிறது.

இங்கேதான் தமிழருக்குரிய பெருஞ்சிக்கல் எழுகிறது. ஐரிஷ்காரருக்கும், மட்டக்களப்பிலே வாழும் பறங்கியருக்கும் குடும்பப் பெயர் உண்டு. பாட்டனின் பெயரிலுள்ள கடைச்சொல் பேரனுக்கும் வரும். அதனையே கயிறாகப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுகளைக் கடக்கலாம். தமிழருக்கோ தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறிவிடும். இரண்டு தலைமுறை கடந்தால் பழைய பெயரின் சாயலும் இராது. கயிறு இல்லாத இடத்திற் சங்கிலியே துணை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே கோத்துச் செல்ல வேண்டும்.

அன்றியும், ஒருவருக்கே பல பெயர்கள் இருந்தன. வீட்டிலே இராயப்பு என்று அழைக்கப்பட்டவரை இலத்தீன் ஏடு பேத்ருஸ் என்று எழுதும். அரசாங்கப் பதிவு பீட்டர் என்று எழுதக்கூடும். மெதடிஸ்த ஏடாயின் பேதுரு என்று எழுதும். சந்தியாகு என்பவர் யாக்கோபுஸ் ஆவார். சூசை யோசேப்புஸ் ஆவார். அருளப்பு யோவான்னெஸ் ஆவார். சின்னப்பு பவுலுஸ் ஆவார். இந்த உறவை அறியாதவர், தேடி வந்த பாட்டன் கண்முன் இருக்கவே பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். வாகரையில் வாழும் ஓர் இளைஞன் தன் பூட்டியின் வழியைத் தேடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவளை ஊரார் செல்லம்மா என்றே அறிவர். அவளுடைய இறப்புப் பதிவோ அன்னம்மா என்கிறது. இறந்த ஆண்டு 1982, வயது 70 என்கிறது. கணக்கின்படி அவள் பிறந்தது 1912 ஆகும். ஆனால், முதியோரின் வயதை வீட்டார் மதிப்பாகச் சொல்லுவதே வழக்கம். ஆதலால் 1907 முதல் 1917 வரை பார்க்க வேண்டும். அடுத்துத் தேட வேண்டியது விவாகப் பதிவு. அதில் மணமகளின் தந்தை சந்தியாகு என்றும், விவாக ஆண்டு 1932 என்றும் காண்கிறான். பின்னர் ஞானஸ்நான ஏட்டைத் திறக்கிறான். சந்தியாகு என்ற பெயரே அதில் இல்லை. ஆனால், 1914ஆம் ஆண்டில், யாக்கோபுஸ் என்பவருக்கும் கத்தரீனா என்பவளுக்கும் பிறந்த அன்னா என்ற குழந்தை இருக்கிறது. ஓரத்தில் 1932ஆம் ஆண்டு விவாகக் குறிப்பும், மணமகன் பெயரும் உள்ளன. ஐயம் தீர்ந்தது. செல்லம்மாவும் அன்னம்மாவும் அன்னாவும் ஒருத்தியே. பூட்டியின் தாய் கத்தரீனா என்பதும், இதுவரை எவரும் சொல்லாத செய்தி, இப்போது தெரியவருகிறது. ஞானத்தாயின் பெயரையும் அவன் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் பெரும்பாலும் தாயின் சகோதரியாகவோ தந்தையின் சகோதரியாகவோ இருப்பாள். வழி அடைபடும் இடத்தில் அப்பெயரே பக்கவழியாகும்.

இறந்த நாளிலிருந்து விவாகத்துக்கும், விவாகத்திலிருந்து பிறப்புக்கும், பின்னர் பெற்றோரின் விவாகத்துக்கும் பின்னோக்கிச் செல்வதே சரியான முறை. முன்னோன் ஒருவனை மேலே நிறுத்திவைத்து, அவனிடமிருந்து தன்னிடம் இறங்கிவர முயல்வது தவறான முறை. ஊரிற் பெயர்பெற்ற ஒரு வன்னியனாரையோ உடையாரையோ முதலிலே பாட்டன் என்று தேர்ந்துகொண்டவர், அதற்கேற்ற சான்றுகளை மட்டுமே காண்பார்.

மட்டக்களப்புப் பிரதேசத்துக்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. ஐரோப்பியக் குருமார் தந்தைவழியே வம்சம் என்று எண்ணியே ஏடு எழுதினர். மட்டக்களப்பு மக்களோ குடியைத் தாய்வழியாகவே கொள்பவர். தாயின் குடியே பிள்ளையின் குடி. கோயிலுரிமையும் அவ்வழியே அமையும். ஆண்மகன் மணமுடித்து மனைவியின் வீட்டுக்குச் செல்வதும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதும் இங்கே வழக்கம். ஆகையால், பதிவேட்டில் தந்தையின் ஊரையே தேடிக்கொண்டிருப்பவர் தவறிவிடக்கூடும். தாயின் ஊரையும், தாயின் தாயையும் தேடுபவருக்கே வழி திறக்கும். காகிதத்திற் சிறிதாக எழுதப்பட்ட தாயின் பெயரே இப்பிரதேசத்திற் குடிவழியின் ஆணிவேர்.

பதிவேடு சொல்வதெல்லாம் உண்மையெனவும், சொல்லாததெல்லாம் இல்லையெனவும் கொள்ளலாகாது. வாகரைப் பகுதியிற் கரையோர வேடர் எனப்படும் மக்கள் வாழ்கின்றனர். பெல்பாஸ்ட் நகரிற் பிறந்து, இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ட், 1859இல் வெளியிட்ட தம் நூலில், இம்மக்கள் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே வாழ்ந்து மீனவருக்குத் துணைசெய்தும் மரந்தறித்தும் பிழைத்ததைக் குறித்துள்ளார். மெதடிஸ்த குருமார் வேடரிடையே சென்று பணியாற்றியதும் அவரால் எழுதப்பட்டுள்ளது. இம்மக்களின் மொழி காலப்போக்கில் தமிழாயிற்று. பதிவேடுகளில் தமிழ்ப் பெயரும் கிறிஸ்தவப் பெயரும் ஏறின. இனம் என்ற இடத்தில் தமிழர் என்று எழுதுவதும் வழக்கமாயிற்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 5,300 வேடரைக் கணக்கிட்டது. 1963ஆம் ஆண்டு மதிப்பு ஏறத்தாழ 400 பேரையே கணக்கிட்டது. அத்தனை பேரும் மாண்டுவிடவில்லை. அவர்களுள் மிகப் பலர் ஏட்டிலேதான் மறைந்தனர். தன் பேர்த்திக்குக் குலக்கதை சொல்லும் மூதாட்டியின் வாக்குக்கும், பதிவாளரின் எழுத்துக்கும் முரண் காணப்படும்போது, மூதாட்டியின் வாக்கை உடனே தள்ளிவிடலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இத்தேட்டத்தை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்க முடியாது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை வாகரைக் கரையோர ஊர்களை வாரிச் சென்றது. 2006இன் பிற்பகுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் போரின் காரணமாக அப்பகுதி மக்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தனர். உயிர் பிழைத்தவரின் பெட்டியில் உறுதியும் இல்லை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் இல்லை. தான் யார் என்பதைத் தானே சொல்லலாம். ஆனால் அதை அலுவலகம் ஏற்கும்படி சொல்ல இயலாது. அந்நிலையின் துயரத்தை அனுபவித்தவரே அறிவர்.

அத்தகையோருக்கு வழிகள் உண்டு. இலங்கையிற் பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டிலே சட்டமாயிற்று. பதிவு நடந்திருப்பின், பிறந்த ஆண்டு, பிறந்த இடம், பெற்றோர் பெயர் ஆகியவற்றைக் கொடுத்துப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்து ஏட்டைத் தேடுவிக்கலாம். பதிவே இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் முறை இருக்கிறது. இவ்விடங்களிற் பழைய ஞானஸ்நானப் பத்திரம் துணைச் சான்றாகப் பயன்படும். ஆகையால், பங்குத்தந்தையின் அலுமாரியிற் செல்லரிக்கும் ஒரு புத்தகம், பழமை விரும்பிகளின் பொழுதுபோக்குப் பொருளன்று. ஏழையொருவரின் உரிமை அதற்குள் இருக்கலாம்.

ஏட்டைப் பார்க்க விரும்புவோர் குருவானவரிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுதல் முறை. பெயரும் ஆண்டும் ஊரும் தெளிவாகக் குறிப்பிடுதல் வேண்டும். ஏட்டின் தாளை எச்சில் தொட்டுப் புரட்டலாகாது, ஓரங்களிற் குறியிடலாகாது. கண்டதைக் கண்டவாறே, எழுத்துப்பிழை உட்பட, படியெடுத்துக்கொள்ள வேண்டும். திருத்தமும் விளக்கமும் வேறு தாளில் எழுதப்படலாம். உயிருடன் இருப்பவரைப் பற்றிய செய்தியையும், பிறப்பில் ஏற்பட்ட குறை எனப் பிறர் எண்ணக்கூடியதையும் ஊரறியச் சொல்லலாகாது. நதிமூலம் பற்றிய பழமொழி எச்சரிப்பது இந்த இடத்தில்தான்.

கோயில்களைப் பொறுப்பேற்றிருப்போர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. அயர்லாந்தின் அனுபவம் காட்டுவதுபோல, மூல ஏடு அதற்குரிய ஊரிலேயே இருக்கட்டும். அதன் படம் வேறு இரண்டு இடங்களில் இருக்கட்டும். கைத்தொலைபேசியாற் படமெடுக்கக்கூடிய இக்காலத்தில், ஒரு சிறு பங்கின் ஏடுகள் முழுவதையும் சில நாட்களிலே படியெடுத்துவிடலாம். எழுத்தாவணங்களை எண்ணிம வடிவிற் பேணும் பணியை நூலகம் என்ற அமைப்பு 2005 முதல் நம்மவரிடையே செய்து வருகிறது. அடுத்த புயல் வருமுன் இது செய்யப்படுதல் வேண்டும்.

ஆயினும், தேட்டம் தொடங்க வேண்டிய இடம் கோயிலும் அன்று, கச்சேரியும் அன்று, வீட்டுத் திண்ணையே. அங்கே அமர்ந்திருக்கும் மூதாட்டியிடம் அவளுடைய தாயின் பெயரையும், தாயைப் பெற்றவளின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும், ஞானத்தாயின் பெயரையும் கேட்டு ஒரு பள்ளிக் கொப்பியில் எழுதி வைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அந்த நான்கு பெயர்கள் இல்லாமல் எத்தனை ஏடுகளைப் புரட்டினும் பயனில்லை. ஏடு நாளைக்கும் ஒருவேளை இருக்கக்கூடும். மூதாட்டி இருப்பாள் என்பதற்கு எவரும் உறுதி சொல்ல இயலாது.